ஆறாவது அடுக்கு

ஜெலாப்பாங், ஈப்போ
5 ஆகஸ்டு 1979, ஞாயிறு

தம்பி லியோனார்டுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் ஆம்புரோஸ் எழுதுகிறேன். பூசைக்குப் போய்வந்து, காபி குடித்துவிட்டு, தாளை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். மூன்று தாள்களைக் கிழித்தாகிவிட்டது. இது நான்காவது. இதையாவது முடித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து சுங்காய் தோட்டத்துக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா? அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறதா? பிஸ்கட் டின் ஒன்றும், நீ கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தைலமும் தனியாக அனுப்பியிருக்கிறேன். தைலத்தைக் காயத்தின்மேல் தடவிவிடாதே.

கிடங்கில் எல்லாம் வழக்கம்போல்தான். உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ரப்பர் பெட்டிகளுக்கு எண் அடிக்கும் வேலையைப் பிச்சைமுத்து பார்க்கிறான். அவன் அடித்தால் மூன்றும் எட்டும் ஒன்றுபோல் தெரிகிறது. போன வாரம் ஒரு லோரியே தப்பான எண்ணோடு கப்பலுக்குப் போய்விட்டது. "லியோ இருந்தா இப்படி ஆவுமா லா?" என்று அவனே சொல்கிறான்.

உன் அக்காளுக்கு உன்மேல் கோபம். "ஓட்டறவரத் தவிர வேற ஆளு வண்டில ஏறக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்காங்களாமே. மூணாம் பாரம் வரைக்கும் படிச்சவன் அவன். அவனுக்கு எதுக்கு இந்தச் சேட்டை?" என்று மீன் கழுவும்போதெல்லாம் சொல்கிறாள். நான் "விடு ஐவி" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

செப்டம்பர் பத்தாம் தேதி கால் காட்ட நீ ஈப்போவுக்கு வரவேண்டும் அல்லவா? பஸ் ஸ்டாண்டுக்கு ஹோண்டாவை எடுத்துக்கொண்டு வருகிறேன். பின்னால் உட்கார்ந்துகொண்டாயானால் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிடுவேன். நடக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
ஆம்புரோஸ்


சுங்காய்
14 ஆகஸ்டு 1979

மச்சான்,

கடிதமும் பிஸ்கட்டும் தைலமும் கிடைத்தன.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில். வீக்கம் வடிந்துவிட்டது. இடது காலில் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் இல்லை. குதிகாலை ஊன்றினால் வலி இடுப்புவரை வருகிறது. ஊன்றுகோலோடு லயத்திலிருந்து, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களம்வரை நடக்கிறேன். போக நூற்று நாற்பது அடி, வர நூற்று நாற்பது அடி. அம்மாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 18, திங்கள், காலை பத்தேகால். லோரி காத்திருந்தது. நீங்கள் இரண்டு ரப்பர் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தூக்கினீர்கள். ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பியது. "லியோ, பிச்ச, வாலு தூக்குது. ஏறுங்க லா" என்று கூப்பிட்டீர்கள். ஏப்ரலிலிருந்து தினமும் கூப்பிடுவதுபோலத்தான் அன்றும் கூப்பிட்டீர்கள். நாங்கள் இருவரும் வண்டியின் பின்னால், வண்டி கவிழாமலிருக்க வைத்த இரும்புப் பாரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தோம். சரிவில் இறங்கும்போது வண்டி முன்னால் கவிழப் பார்த்தது. பிச்சைமுத்து குதித்துவிட்டான். நான் சறுக்கி விழுந்தேன். மேல்பெட்டி கீழே போனது. பாரம் போனதும் வண்டியின் பின்பக்கம் திரும்பத் தரையில் வந்து விழுந்தது. அங்கே என் கால் இருந்தது.

கம்பெனியிலிருந்து வேலைநீக்கக் கடிதம் வந்திருக்கிறது. அதில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்: "ஓட்டுநர் ஆம்புரோஸ் கொடுத்த வாக்குமூலப்படி, தொழிலாளி லியோனார்ட் ஓட்டுநருக்குத் தெரியாமல், தன் விருப்பப்படி வண்டியில் ஏறினார்."

தெரியாமல் என்று போட்டிருக்கிறது, மச்சான்.

அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள். அதுவரை அவர் என்னைத் திட்டட்டும்.

ஹோண்டா வேண்டாம். நீங்கள் ஓட்டும் எதன் பின்னாலும் இனி நான் உட்காருவதாக இல்லை.

லியோனார்ட்


ஜெலாப்பாங்
26 ஆகஸ்டு 1979, ஞாயிறு

தம்பி,

உன் கடிதத்தைக் கிடங்கிலேயே படித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

அன்று உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சூப்பர்வைசர் என்னை அறைக்குள் கூப்பிட்டுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, "நீ ஏறச் சொன்னியா, அவனா ஏறினானா?" என்று கேட்டார். என் கையில் உன் இரத்தம் இருந்தது. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே "அவனாத்தான் ஏறினான்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகு யோசித்தேன். அப்போது அவர் எழுதி முடித்திருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் ஒன்று சொல்வேன். உனக்குக் கெடுதல் நினைத்து நான் ஏறச் சொல்லவில்லை. நான் பதினாறு வயதிலிருந்து தோட்டத்து டிராக்டர் ஓட்டியவன். பதினேழாம் நம்பர் மலை உனக்கு நினைவிருக்கும். பின்னால் ரப்பர் பால்டாங்கியை இழுத்துக்கொண்டு ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் தரையைவிட்டு ஒரு சாண் கிளம்பும். "ஏறுங்கப்பா" என்று ஒரு குரல் கொடுப்பேன். உன் அப்பாவும் பக்கத்து லயத்து ஐயாவுவும் ஓடிவந்து முன்மூடிமேல் உட்காருவார்கள். மூக்கு இறங்கும். வண்டி மலையேறும். வெற்றிலை போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரத் துரைமாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு வருவார்கள். எத்தனை வருஷம்! ஒருவனுக்கு ஒரு நகம்கூடப் பெயரவில்லை. டிராக்டருக்கு மூக்கு தூக்கும், ஃபோர்க்லிஃப்டுக்கு வால் தூக்கும். எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன்.

அந்த இருக்கை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டு, டிராக்டரை விற்றபோது, என்னையும் சேர்த்து வெளியேறிய ஓட்டுநர்கள் நாலு பேர். மூன்று பேர் இன்று புல் வெட்டுகிறார்கள். நான் ஒருவன்தான் இன்னும் ஓட்டுநர். பெட்ரீசியா பள்ளியில் "அப்பா தொழில்" என்ற இடத்தில் "டிரைவர்" என்று எழுதுகிறாள்.

இதையெல்லாம் நீ நியாயமாக எடுத்துக்கொள்வாய் என்று எழுதவில்லை. எழுதத் தோன்றியது.

ஆம்புரோஸ்


சுங்காய்
11 செப்டம்பர் 1979

மச்சான்,

நேற்று ஈப்போவுக்கு வந்து போனேன். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்பினேன். உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்கா வாசலில் நின்றிருப்பார் என்று தெரியும். இருந்தும் வரவில்லை.

எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். உள்ளே பஞ்சு வைத்த சப்பாத்து போட்டால் நிற்கும் வேலை செய்யலாமாம்.

திரும்பும்முன் தொழிற்சங்க ஆபீசுக்குப் போனேன். அவர்கள் கம்பெனியோடு பேசி மறுவிசாரணைக்கு நாள் வாங்கியிருக்கிறார்கள். நவம்பர் 12, திங்கட்கிழமை. நான் சொல்வதை உறுதிப்படுத்த ஒரு சாட்சி வேண்டும். பிச்சைமுத்து "நான் அந்தப் பக்கம் பார்க்கல" என்று சொல்லிவிட்டான். மிஞ்சியிருப்பது நீங்கள். நீங்கள் உண்மையைச் சொன்னால் எனக்கு வேலை திரும்பக் கிடைக்கும். சொல்லாவிட்டால் "சொல்பேச்சு கேளாமல் வண்டியில் ஏறியவன்" என்ற பெயரோடுதான் நான் அடுத்த கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். உங்களுக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்பதற்கு இத்தனை நாள் ஆனது.

இன்னொரு விஷயம். இது சண்டை இல்லை. படுத்துக்கிடந்தபோது யோசித்தது.

மார்ச் மாதம்வரை நாங்கள் யாராவது வண்டியின் வாலில் ஏறியிருக்கிறோமா? நினைத்துப் பாருங்கள். அப்போதும் நீங்கள் இரண்டு பெட்டிகளைத்தான் சேர்த்துத் தூக்கினீர்கள். வால் எழவில்லை. ஏப்ரலில் பெட்டி மாறியது. முன்பு பெட்டிக்கு ஐந்து அடுக்கு, அடுக்குக்கு ஆறு ரப்பர் கட்டு. மூன்று கட்டு சேர்ந்தால் நூறு கிலோ. ஆகப் பெட்டி ஆயிரம் கிலோ. புதுப் பெட்டிக்கு ஆறு அடுக்கு. ஆயிரத்து இருநூறு. பெட்டிமேல் எண் அடிக்கும் '1000' அச்சுத்தகட்டை வைத்துவிட்டு '1200' அச்சுத்தகட்டை எடுத்தவன் நான்தான். என் கையாலேயே மை பூசி அடித்தேன். இரண்டு பெட்டிக்கு நானூறு கிலோ கூடுகிறதே என்று எனக்கும் உறைக்கவில்லை.

வண்டி இருக்கையில் உட்கார்ந்தால், உங்கள் வலது முட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தகடு திருகியிருக்கும். வண்டிக்குப் புது மஞ்சள் வர்ணம் அடித்தபோது அதன்மேலும் அடித்துவிட்டார்கள். வர்ணத்தைச் சுரண்டிப் பாருங்கள். அதில் இருக்கும் எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். எழுத்துப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எண் போதும்.

லியோனார்ட்


ஜெலாப்பாங்
23 செப்டம்பர் 1979, ஞாயிறு

தம்பி,

பத்துக்காசை வைத்துச் சுரண்டினேன். மூன்று நாள் பிடித்தது. சாப்பாட்டு நேரத்தில் சுரண்டுவதைப் பார்த்து, "என்ன மச்சான், தங்கம் எடுக்கறீங்களா?" என்று பிச்சைமுத்து கேலி பண்ணினான்.

தகட்டில் ஒரு படம் இருக்கிறது. வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கரங்கள், அதன்மேல் ஒரு பெட்டி, பெட்டியின் நடுவில் ஒரு புள்ளி. பக்கத்தில் 500, அதற்கு நேராக 2000. கீழே 600, அதற்கு நேராக 1740. நம் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் காட்டினேன். கரங்களின் அடிப்பக்கத்திலிருந்து பாரத்தின் நடுப்புள்ளி ஐநூறு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் இரண்டாயிரம் கிலோ தூக்கலாமாம். இன்னும் தள்ளிப்போனால் அந்த அளவும் குறையுமாம். "ஒன்பது வருஷமா இதுல உக்காந்திருக்கீங்க, இப்பத்தான் பாக்கறீங்களா?" என்று கேட்டான்.

நாம் தூக்கியது இரண்டாயிரத்து நானூறு! மரப்பெட்டியின் கனம் தனி!

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல் இருக்கிறது. குற்றம் பெட்டியை மாற்றியவர்களுடையது. ஓர் அடுக்கு கூடியது என்று யாராவது என்னிடம் சொன்னார்களா? தகட்டின்மேல் வர்ணம் அடித்தது நானா? விசாரணையில் நீ இதை விளக்கிச் சொல்லு. எண்களை இங்கே தெளிவாக எழுதியிருக்கிறேன். இதற்குமேல் யார் ஏறச் சொன்னது என்ற பேச்சே வராது. நான் வர வேண்டியதும் இருக்காது. உன் வேலையும் தப்பும், என் இருக்கையும் தப்பும்.

நீ கெட்டிக்காரன். இது எனக்குத் தோன்றவே இல்லை, பார்.

ஆம்புரோஸ்


சுங்காய்
29 செப்டம்பர் 1979

மச்சான்,

எண்களுக்கு நன்றி.

நானும் பிச்சைமுத்துவும் சேர்ந்து நூற்று இருபது கிலோ. கூடுதலாக இருந்தது நானூறு கிலோ. நாங்கள் ஏறியதால் வால் தரையைத் தொட்டது, அவ்வளவுதான். சமதரையில் நின்றது. சரிவில் நிற்கவில்லை.

இன்னும் ஒன்று. பாரத்தோடு சரிவில் இறங்கும்போது வண்டியைப் பின்பக்கமாக ஓட்ட வேண்டும். பாரம் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். இரண்டு பெட்டி உயரம் முன்னால் மறைக்கும்போதும் பின்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். மார்ச் வரை அப்படித்தான் ஓட்டினீர்கள். ஏப்ரலிலிருந்து ஏன் ஓட்டவில்லை? திரும்பிப் பார்த்தால் எங்கள் இரண்டு முதுகுதான் தெரியும், வழி தெரியாது. உதவிக்கு என்று நாங்கள் உட்கார்ந்த இடம் உங்கள் கண்ணை அடைத்துவிட்டது.

ஆறாவது அடுக்கு வண்டியின் வாலைத் தூக்கியது. "ஏறுங்க" என்று சொன்னது ஆறாவது அடுக்கு அல்ல. அறைக்குள் போய் "அவனாத்தான் ஏறினான்" என்று சொன்னதும் அது அல்ல.

இனி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

லியோனார்ட்


ஜெலாப்பாங்
28 அக்டோபர் 1979, ஞாயிறு

தம்பி,

நீ எழுத ஒன்றும் இல்லை என்றாய். எனக்கு இருக்கிறது.

உன் இடத்துக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். பெயர் ஜைனுலாப்தீன். செமோர்க்காரர், முப்பத்தெட்டு வயது. அண்ணன் கடையில் பதினைந்து வருஷம் ரொட்டி போட்டவர். அண்ணன் தம்பிக்குள் ஏதோ மனத்தாங்கல், வெளியே வந்துவிட்டார். வந்த மூன்றாம் நாளே கிடங்கு முழுக்க அவர் பேச்சுதான். மனைவி பதுருன்னிசா கட்டிக்கொடுக்கும் சோற்றில் பாதி எங்களுக்குத்தான்.

போன செவ்வாய்க்கிழமை லோரி ஏற்றும் வேலை. பழக்கத்தில் இரண்டு பெட்டிகளைச் சேர்த்துத் தூக்கிவிட்டேன். தகட்டைச் சுரண்டியவனே நான்தான், தம்பி. இருந்தும் தூக்கினேன். லோரி காத்திருந்தது. வால் கிளம்பியது. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவே இல்லை என்று ஆண்டவர்மேல் ஆணையிடுவேன். பின்னால் தொப்பென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் ஜைனுலாப்தீன் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏறிட்டேன் அண்ணே, போலாம் லா."

"யாரு உங்கள ஏறச் சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணே. இங்க இப்படித்தான் ஏறுவாங்கன்னு பிச்ச சொன்னாரு. நானாத்தான் ஏறினேன்."

அவர் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு போட்டிருந்தார். நீ அன்று போட்டிருந்த அதே நீல வார்.

பெட்டிகளைத் தரையோடு இறக்கினேன். இஞ்சினை நிறுத்தினேன். சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, "எறங்குங்க பாய். இனிமே இந்த வண்டில நீங்க மட்டுமில்ல, யாரும் ஏறக்கூடாது" என்றேன். அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. "தப்புப் பண்ணிட்டேனாண்ணே?" என்றார். "நீங்க இல்ல" என்றேன்.

ஒவ்வொரு பெட்டியாகத்தான் ஏற்றினேன். கரங்களைத் தரையிலிருந்து ஒரு சாணுக்குமேல் தூக்காமல், பாரத்தைப் பின்னால் சாய்த்து, சரிவில் பின்பக்கமாக இறங்கினேன். சூப்பர்வைசர், "சப்பாட் லா ஆம்புரோஸ், சீக்கிரம்! லோரி எத்தன மணிக்குப் போவுறது?" என்று கத்தினார். முப்பத்தைந்து நிமிஷம் கூடுதலாக ஆனது. முப்பத்தைந்து நிமிஷம், தம்பி. உன் காலுக்கு.

அன்று மத்தியான ஷிப்ட் முடிந்து வந்து ஐவியிடம் சொல்லிவிட்டேன். மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். "அவன இத்தன நாளா நான் வாயில வந்தபடி பேசிக்கிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டுதான இருந்தீங்க?" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குச் சோறு வருகிறது, பேச்சு வரவில்லை.

விசாரணைக்கு இன்னும் பதினைந்து நாள். வருவேன் என்று எழுத உட்கார்ந்தேன். கை போகவில்லை. இன்னொரு பொய்யை எழுதிவிடக் கூடாது என்று, நிச்சயமாகத் தெரியாததை எழுதாமல் விடுகிறேன்.

ஆம்புரோஸ்


சுங்காய்
3 நவம்பர் 1979

மச்சான்,

நேற்றுக் கல்லறைத் திருநாளுக்கு அக்கா தனியாக வந்தார். நீங்கள் கொடுத்தனுப்பிய மெழுகுவர்த்திகளை அப்பா கல்லறையில் ஏற்றினோம். காற்று விடவில்லை. அக்கா முந்தானையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்காமலேயே, "கால காட்டு" என்றார். சப்பாத்தைக் கழற்றினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா நீ அவரு கூட இருப்பியா?"

"அது என் பாடு. நீ யாருடா அத முடிவு பண்ண?" என்று தோளில் ஓர் அடி வைத்தார். பிறகு அழுதார். பிறகு சப்பாத்தை அவரே மாட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் டிராக்டர் கதையை அம்மாவிடம் சொன்னேன். "எத்தனை வருஷம், ஒருவனுக்கு ஒரு நகம்கூடப் பெயரவில்லை" என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"நகமா? ஒங்கப்பாவுக்கு ரெண்டு விலா எலும்பு போச்சு" என்றார்.

எனக்குத் தெரியாத கதை. உங்களுக்கும் தெரியாது என்று அம்மா சொல்கிறார். அக்காவை உங்களுக்குப் பேசி முடித்த வருஷம். பதினேழாம் நம்பர் மலை உச்சியில் டிராக்டர் ஒரு குலுக்குக் குலுக்கியபோது அப்பா முன்மூடியிலிருந்து சறுக்கிக் கல்மேல் விழுந்திருக்கிறார். நீங்கள் பின்னால் திரும்பிப் பால்டாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். அப்பா எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கி வந்திருக்கிறார். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மாதம் படுத்தார். கிராணியிடம் "கால்வாயில வழுக்கி விழுந்துட்டேன்" என்று எழுதச் சொன்னாராம். "உள்ளதச் சொன்னா மாப்பிள்ளைக்கு வேல போயிரும். கல்யாணம் நிக்கும்" என்று அம்மாவின் வாயையும் அடைத்துவிட்டார்.

அவர் கால்வாயில் விழுந்ததாகத்தான் நீங்களும் இன்றுவரை நம்பியிருப்பீர்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தீர்களாம். அதற்கடுத்த வாரமும் "ஏறுங்கப்பா" என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். ஐயாவுவோடு வேறு யாரோ ஏறியிருக்கிறார்கள்.

அப்பா உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். அவர் சொல்லியிருந்தால் நீங்கள் யாரையும் ஏற்றும் பழக்கத்தோடு ஈப்போவுக்கு வந்திருக்க மாட்டீர்கள். நான் அவரைப்போல் செய்யப்போவதில்லை. 12ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடந்ததைச் சொல்வேன். தகட்டையும் ஆறாவது அடுக்கையும் சொல்வேன். '1200' தகட்டை எடுத்து அடித்தவன் நான் என்பதையும் சொல்வேன். நீங்கள் கூப்பிட்டதையும் சொல்வேன்.

ஜைனுலாப்தீனை இறக்கிவிட்டீர்கள் என்று படித்தபோது, எங்கள் பக்கத்து வீட்டு மாரியம்மா, "என்னடா, கடுதாசியப் பார்த்துச் சிரிக்கிற?" என்று கேட்டார். சிரித்திருக்கிறேன் போல.

லியோனார்ட்


ஜெலாப்பாங்
25 நவம்பர் 1979, ஞாயிறு

தம்பி லியோனார்டுக்கு,

சங்கத்திலிருந்து உனக்குத் தகவல் வந்திருக்கும். இருந்தாலும் நானும் எழுத வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாமா படுத்திருந்த அந்த மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆரஞ்சை உரித்து எனக்கும் ஒரு சுளை கொடுத்தார். "மலையில பாத்து ஓட்டுங்க மாப்ள" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இருபது வருஷமாக அதை அன்பு என்று மட்டும் நினைத்திருந்தேன்.

12ஆம் தேதி என்னை இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். நீ காலையிலேயே பேசிவிட்டுப் போய்விட்டாயாம். அறைக்கு வெளியே வராந்தாவில் தூசி படிந்திருந்தது. உன் ஊன்றுகோலின் வட்டத் தடம் உள்ளே போய் வெளியே வந்திருந்தது. அதன்மேல் மிதிக்காமல் உள்ளே போனேன்.

மானேஜர், சூப்பர்வைசர், சங்கத்துக்காரர் ஒருவர். ஜூன் மாதத் தாளை எடுத்து வைத்தார்கள்.

"இது உன் கையெழுத்தா?"

"என் கையெழுத்துதான் சார். எழுதியிருக்கிறது தப்பு."

"யாரு ஏறச் சொன்னது?"

"நான்தான். ஏப்ரல்லேர்ந்து நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். லியோ சொன்ன சொல்லுக்கு ஏறினவன்."

"அப்ப ஏன் வேற மாதிரி சொன்ன?"

"சீட்டுப் போயிரும்னு பயந்தேன் சார்."

சங்கத்துக்காரர் சூப்பர்வைசரைப் பார்த்து, "தினமும் ரெண்டு ஆளு பின்னால உக்காந்து போறது உங்க கண்ணுல படலியா?" என்று கேட்டார். அவர் பேனாவை மூடித் திறந்தார். பிச்சைமுத்துவைக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்தவன், நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "நானும் ஏறினேன் சார். ஆனா மொதல்ல குதிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, கேள்வி கேட்குமுன்பே அழ ஆரம்பித்துவிட்டான்.

முடிவு போன வெள்ளிக்கிழமை வந்தது. உன் வேலைநீக்கம் ரத்து. டிசம்பர் 3, திங்கட்கிழமை ஏழரைக்கு வேலைக்கு வர வேண்டும். நின்று செய்யும் வேலை. எல்லாப் பெட்டியிலும் கனத்தை முழு அளவில், நாலு பக்கமும் அடிக்க வேண்டும். வண்டிக்கு ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். தகட்டின் மஞ்சள் வர்ணத்தை முழுக்க எடுத்துவிட்டார்கள்.

என்னை இருக்கையிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆறு மாதம் கீழே பெட்டி கட்டும் வேலை. அதன்பிறகு பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, தேறினால் பார்க்கலாம் என்றார்கள். சாவியை மேசையில் வைத்தேன். ஒன்பது வருஷம் இடுப்பில் இருந்த சாவி. வெளியே வந்து இரண்டு தடவை இடுப்பைத் தடவிப் பார்த்தேன்.

புது ஓட்டுநர் ஒரு சீனர், மெங்லெம்புக்காரர். நேற்று, வந்த முதல் நாளே, உத்தரவு தெரியாமல் இரண்டு பெட்டியைச் சேர்த்துத் தூக்கப் பார்த்தார். வால் அசைந்தது. திரும்பி எங்களைப் பார்த்தார். ஜைனுலாப்தீனும் நானும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பாய் மட்டும் விரலை நீட்டி அந்தத் தகட்டைக் காட்டினார். ஓட்டுநர் குனிந்து படித்தார். பெட்டியை இறக்கினார்.

பெட்ரீசியாவின் பள்ளித் தாளில் "அப்பா தொழில்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். ஐவி இத்தனை நாளுக்குப் பிறகு வாயைத் திறந்து, "கிடங்குத் தொழிலாளின்னு எழுது. ஒங்க மாமா தொழிலும் அதுதான்" என்றாள்.

தம்பி, மன்னிப்பு என்ற வார்த்தையை நான் இதுவரை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எழுதினால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று விட்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆம்புரோஸ்


சுங்காய்
29 நவம்பர் 1979

மச்சான்,

கம்பெனிக் கடிதம் செவ்வாய்க்கிழமையும் உங்கள் கடிதம் இன்றும் வந்தன. சப்பாத்து பழகிவிட்டது. நேற்றுப் பதினேழாம் நம்பர் மலைவரை நடந்து போய்ப் பார்த்தேன். எல்லாம் செம்பனை. டிராக்டர் ஏறிய தடம்கூட இல்லை. மேலே ஏறவில்லை, கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மாதம் பிறந்து அறை பார்க்கும்வரை உங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்று அக்காவிடம் கேளுங்கள். கேட்டால் திட்டுவார். பரவாயில்லை, கேளுங்கள்.

'1000' அச்சுத்தகடு அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும். பிச்சைமுத்துவிடம் சொல்லி, அதை யாரும் தவறிப்போய் எடுக்காதபடி முதலில் உடைத்துப் போடச் சொல்லுங்கள். ஜைனுலாப்தீன் பாய்க்கு என் பழைய சப்பாத்து பொருந்துமா பாருங்கள். வலது காலுடையது புதுசாகவே இருக்கிறது. இடதை வீக்கத்தின்போது வெட்டி விரித்துவிட்டேன், அதற்கு ஏதாவது ஏற்பாடு செய்வோம். கிடங்கில் ரப்பர் செருப்போடு அவரை நிற்கவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி பஸ்ஸில் ஈப்போ வந்து சேருவேன். ஒரு பையும் ஊன்றுகோலும்தான். கனம் அதிகமில்லை.

ஹோண்டாவை எடுத்துக்கொண்டு வாருங்கள். பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

லியோனார்ட்